அக்காவின் மூன்றாவது பதில்

பத்திரிகை ஏஜெண்டுகள் அந்த வாரப் பத்திரிகை முதலாளிக்கு வைத்த பெயர் ‘கேஸ்கட்டு’. முகத்துக்கு நேரே ‘முதலாளி’ என்பார்கள். முதுகு திரும்பியதும் கேஸ்கட்டு. அவருக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் குஷியும்கூட. முப்பத்திரண்டு வருடத்தில் அவர்மேல் விழுந்த வழக்குகள் நாற்பத்தொன்று. மற்றவர்கள் வாங்கிய விருதுகளைச் சுவரில் மாட்டுவார்கள். இவர் வக்கீல் நோட்டீஸ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

ஆரம்பித்தது குறுக்கெழுத்துப் போட்டிப் புத்தகத்தில். அதிலேயே விடையைத் தப்பாகப் போட்டு முதல் தகராறு. அடுத்து சினிமா. ஒரு நடிகைக்கு ரகசியக் கல்யாணம் என்று எழுத, மாப்பிள்ளை என்று சொல்லப்பட்டவரின் மனைவி கையில் செருப்போடு அலுவலகம் வந்தார். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவருடைய பேட்டியையும் வாங்கி அடுத்த வாரம் போட்டுவிட்டார். பிறகு அரசியல். சட்டசபையில் தூங்கிக்கொண்டிருந்த அமைச்சரின் படத்தை அட்டையில் போட்டு, கீழே ‘மக்கள் பணியில்’ என்று எழுதியதற்குப் பதினொரு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த வாரம் அதே படத்தை இன்னும் பெரிதாகப் போட்டார். வழுக்கைத் தைலம் விளம்பரத்தை நம்பித் தேய்த்து, இருந்த முடியும் போனவர்கள் திரண்டு வந்தபோது மட்டும் பின்வாசல் வழியாகப் போனார். அப்போதும் அச்சில் ஒரு வரி வருந்தியதில்லை.

“மன்னிப்புக் கேக்கறதுக்கு நம்ம புத்தகத்துல எடமில்ல. எடமிருந்தா இன்னொரு விளம்பரம் போடலாம்” என்பார்.

இந்த வீரதீரமெல்லாம் அட்டைக்குத்தான். புத்தகத்தை விற்றுக்கொடுத்தது கடைசிக்கு முந்தின பக்கம். ‘அக்காவைக் கேளுங்கள்.’ வாரத்துக்கு நான்கு கடிதம், நான்கு பதில். கடையில் புத்தகம் வாங்குகிற பெண்கள் அமைச்சரையும் நடிகையையும் தாண்டி நேரே அங்கேதான் போவார்கள். மாமியாரிடம் சொல்லாததை, அம்மாவிடம் சொல்லாததை, டாக்டரிடம்கூடச் சொல்லாததை அக்காவுக்கு எழுதினார்கள்.

அந்த அக்கா யார் என்றால், இந்தக் கேஸ்கட்டேதான். தடித்த மீசையும் தொப்பையுமாக.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததல்ல. முதலில் எழுதிய ஆசிரியை மூன்றே வாரத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த வாரம் மட்டும் ஒப்பேற்றலாம் என்று இவர் எழுதினார். கடிதங்கள் இரண்டு மடங்காகின. இன்னொரு வாரம், இன்னொரு வாரம் என்று இருபத்துமூன்று வருடம் ஓடிவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர் மனைவி, வக்கீல், அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவர்.

“ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் அக்கா. வீட்டுல ஒருத்தி இருக்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்பாள் மனைவி. அவர் அடுத்த கடிதத்தைப் பிரிப்பார்.

நாற்பத்திரண்டாவது வழக்கு இந்தப் பக்கத்தின்மேல் வந்தது. போட்டவர் நான்கு துணிக்கடைகளுக்குச் சொந்தக்காரர். அவருடைய மனைவி பெயர் போடாமல் அக்காவுக்கு எழுதியிருக்கிறாள், கணவன் கை நீட்டுகிறான் என்று. அக்கா சொன்ன பதிலைப் படித்த அன்றே பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் துணிக்கடைக்காரர் வழக்கோடு இணைத்திருந்தார். குடும்பத்தைக் கெடுத்ததற்கு அச்சில் மன்னிப்பு வேண்டும், பதில் எழுதியது யார் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்பது கோரிக்கை.

முதலாளி அந்தப் பதிலை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு பக்கம் கட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

“இது நான் எழுதினது இல்லையே.”

“நீங்க எழுதினதுதான் முதலாளி. கொஞ்சம் சுருக்கியிருக்கேன். கடைசி நேரத்துல சோப்பு விளம்பரம் வந்துச்சு. நாலு வரி எடம் வேணும்னாங்க.”

அந்த அலுவலகத்தில் அதற்கொரு முறை இருந்தது. விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தால் ராசிபலனில் கை வைக்கக்கூடாது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கேள்வியிலும் கை வைக்கக்கூடாது. வாசகர்களுக்குக் கேள்விதான் ருசி. ஆகவே அக்காவின் பதிலில்தான் வெட்டு. அதிலும் முதல் வரியும் கடைசி வரியும் இருந்தே ஆகவேண்டும், நடுவில்தான் வெட்ட வேண்டும். இந்த விதியைப் போட்டவர் முதலாளியேதான். பக்கம் கட்டுகிறவர் பத்தொன்பது வருடமாக விதி தவறாமல் வெட்டிவந்தார்.

முதலாளி எழுதியது இப்படி: ‘அன்புத் தங்கையே, கை நீட்டுகிற ஆணோடு ஒரு பெண் குடித்தனம் நடத்த முடியாது. ஆனாலும் அவசரப்படாதே. ஆறு மாதம் பொறுத்துப் பார். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாக எடுத்துச் சொல். அப்படியும் மாறாவிட்டால் அதற்குமேல் யோசிக்காதே. துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. உனக்கு ஒரு குறையும் வராது.’

அச்சில் ஆனாலும் இல்லை, ஆறு மாதம் இல்லை, பக்குவம் இல்லை. நடத்த முடியாது, போய்விடு, குறை வராது. அவ்வளவுதான்.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். நாற்பத்தொரு வழக்கு நடத்தியவர் இவ்வளவு சுலபமான ஒன்றைப் பார்த்ததில்லை.

“உங்க கையெழுத்துப் பிரதி இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப தீந்துச்சு. ‘இட நெருக்கடியால் பதில் தவறுதலாகச் சுருங்கிவிட்டது, பொறுத்துப் போகவேண்டும் என்பதே அக்காவின் கருத்து, வருந்துகிறோம்.’ ரெண்டு வரி. அவங்க வக்கீல்கிட்ட பேசிட்டேன். அது வந்தா கேஸ் வாபஸ். அக்கா யாருன்னு கேக்கமாட்டாங்க.”

“நான் மன்னிப்புப் போட்டதே இல்லையேய்யா.”

“இது மன்னிப்பு இல்ல, திருத்தம். நெசமும் அதானே? பொய் சொல்லவா சொல்றேன்? அக்கா யாருன்னு கோர்ட்டுல வந்தா அப்புறம் எந்தப் பொம்பளை உங்க புத்தகத்தைத் தொடுவா? மூணே மாசத்துல கடையை மூடணும்.”

அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் முதலாளிக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த இதழில் போட்டுவிடலாம் என்று அரைமனதாகத் தலையாட்டி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மதியம், வரவேற்பில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் ‘அக்கா வெளியூர் போயிருக்கிறார்’ என்று சொல்லி அனுப்புவது வழக்கம். இவள் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் முதலாளியே உள்ளே அழைத்தார்.

எதிரில் உட்கார்ந்தவள் முகத்தைச் சற்றுத் திருப்பியே வைத்திருந்தாள். கோபமாக்கும் என்று நினைத்தார்.

“என்ன விஷயம்மா? எங்கிட்டச் சொல்லு, அக்காகிட்டச் சொல்லிடறேன்.”

“கொஞ்சம் இந்தப் பக்கமா உக்காந்து பேசுங்க சார். அந்தக் காது கேக்காது.”

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“துணிக்கடைக்காரர் பொண்டாட்டி நான்தான். அடுத்த வாரம் அக்கா தப்புன்னு ஒத்துக்கிட்டு எழுதப்போறாங்களாம். எங்க வீட்டுக்காரரு அண்ணனுக்கு ஆள்விட்டுச் சொல்லிட்டாரு. புத்தகத்துல வந்த அன்னிக்கே கூட்டிட்டுப் போகக் கார் வரும்னு.”

“அண்ணன் என்ன சொல்றாரு?”

“அண்ணி அக்கா பக்கத்தை விடாமப் படிப்பாங்க. அக்காவே சொல்லிட்டாங்கன்னு சொல்லித்தான் அண்ணன்கிட்டச் சண்டை போட்டு என்னை வெச்சிருக்காங்க. அக்காவே தப்புன்னு எழுதிட்டா அண்ணி பேச்சு எடுபடாது. அண்ணன் நல்லவருதான். ஆனா என்னைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கெடைக்காதான்னு இருக்காரு.”

முதலாளி மேஜையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அக்காவுக்கு எழுதியிருக்கேன் சார்,” என்றாள் அவள். “ரெண்டு தடவையும் பொறுத்துக்கோன்னு போட்டாங்க. பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது பதில் வந்து நாலு மாசத்துல இந்தக் காது போச்சு. அக்கா மேல எனக்குக் கோபமில்ல. மூணாவது தடவை சரியாச் சொல்லிட்டாங்கள்ல. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். தப்புன்னு மட்டும் எழுதிட வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“அந்த மூணாவது தடவையும் ஆறு மாசம் பொறுத்துக்கோன்னு வந்திருந்தா?”

அவள் யோசிக்கவேயில்லை. “இருந்திருப்பேன். அக்கா சொல்லி நான் எதைக் கேக்காம இருந்திருக்கேன்?”

அவள் போன பிறகு முதலாளி பின்னறைச் சாவியை எடுத்தார். காகிதத்தை எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. வந்த கடிதமெல்லாம் வருடவாரியாக இரும்பு அலமாரிகளில் கட்டிக் கிடந்தன. அவளுடைய கையெழுத்தை வைத்துத் தேடி முதல் இரண்டையும் எடுத்தார். பதில் வந்த இதழ்களையும் எடுத்தார். ‘கணவன் கோபக்காரர் என்றால் குற்றம் பாதி நம் பேச்சிலும் இருக்கும் தங்கையே.’ இதை எழுதிய கை தன் மணிக்கட்டில்தான் இருக்கிறது என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் விளம்பரம் எதுவும் கடைசி நேரத்தில் வந்து தொலைக்கவில்லை.

வேறு கட்டுகளையும் பிரித்தார். பொறுத்துக்கொள், பொறுத்துப் போ, காலம் மாறும், குழந்தைகளை நினைத்துப் பார். ஏன் அப்படியே எழுதினார் என்று கேட்டால், அது யாரையும் முறைத்துக்கொள்ளாத பதில் என்பதால்தான். அமைச்சரைத் தூங்குமூஞ்சி என்று அட்டையில் போடத் துணிந்தவருக்கு, அடிக்கிறவனை விட்டு வெளியே வா என்று ஒருத்தியிடம் சொல்லத் தைரியம் இருக்கவில்லை. அட்டையில் புலி, உள்ளே எலி. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “நீயா இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் போட்டிருப்ப?” என்று கேட்டார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “இருபத்துமூணு வருஷத்துல இப்பத்தான் என்னைக் கேக்கத் தோணுச்சா?”

“இப்பவாவது சொல்லேன்.”

“மொத லெட்டருக்கே போயிடுன்னு போட்டிருப்பேன். ரெண்டு காதும் இருந்திருக்கும்.”

மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டுத் திருத்தம் வராது என்றார். வக்கீல் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு கெஞ்சினார். முதலாளி அசையவில்லை. நாற்பத்தொரு வழக்கிலும் அவர் காட்டிய பிடிவாதம் வேறு. அதில் ஒரு விளம்பரக் கணக்கு இருந்தது. இதில் புத்தகமே போய்விடும் என்று தெரிந்தே நின்றார்.

வழக்கு நாளன்று நீதிமன்றம் நிறைந்திருந்தது. கேஸ்கட்டு கூண்டில் ஏறினால் வேடிக்கைக்குக் குறைவிருக்காது என்று மற்றப் பத்திரிகைக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். துணிக்கடைக்காரர் கஞ்சி போட்ட சட்டையில், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் அவளும் அவள் அண்ணியும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “இந்த அக்கா என்பவர் யார்? அவரை இங்கே அழைத்து வர முடியுமா?”

“வந்தாச்சு. நான்தான்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார். வேறு யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

“அந்தப் பக்கத்துல இருபத்துமூணு வருஷமா வந்த ஒவ்வொரு பதிலும் நான் எழுதினது. அக்கான்னு ஒருத்தி இல்ல. இந்த மீசைதான் அக்கா.”

அந்த வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “அப்படியானால், ஒரு பெண்ணைப் போல நடித்து இன்னொருவர் மனைவியை வீட்டை விட்டுப் போகச் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறீர்களா?”

“நடிச்சது தப்பு. போகச் சொன்னது தப்பு இல்ல. ஆனா அந்தப் பதிலுக்கு நான் பேர் வாங்கக்கூடாது. நான் எழுதினது ஆறு மாசம் பொறுத்துக்கோன்னு. சோப்பு விளம்பரத்துக்காக நாலு வரி வெட்டினாங்க. வெட்டினதுல தப்பெல்லாம் போய்ச் சரியானது மட்டும் மிச்சமாச்சு.”

“ஆக, அச்சானது உங்கள் கருத்தே அல்ல.”

“அன்னிக்கு இல்ல. இன்னிக்கு அதான் என் கருத்து. ஒரு வரி மாத்தமாட்டேன்.” பிறகு சட்டைப்பையிலிருந்து கிழித்தெடுத்த இரண்டு பக்கங்களை எடுத்தார். “இதே அம்மாவுக்கு முன்னாடி ரெண்டு பதில் போட்டேன். அது ரெண்டும் வெட்டாம முழுசா வந்துச்சு. படிக்கட்டுமா?”

எதிர்த்தரப்பு வக்கீல் வேண்டாம் என்றார். நீதிபதி படிக்கச் சொன்னார். முதலாளி படித்தார். குற்றம் பாதி நம் பேச்சிலும் இருக்கும் என்ற இடத்தில் நிறுத்தினார். அதே வரியை மறுபடி சத்தமாகப் படித்தார். துணிக்கடைக்காரர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியென்றால் நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்களா, இல்லையா?” என்றார் நீதிபதி.

“கேக்கறேன். அந்தக் கடைசி பெஞ்சுல இருக்கற அம்மாகிட்ட. இவருகிட்ட இல்ல.”

தங்கை அண்ணன் வீட்டில் இருப்பதற்குப் பத்திரிகைக்காரர் கணவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லி, நீதிபதி வழக்கை அன்றே தள்ளுபடி செய்துவிட்டார். வெளியே தாழ்வாரத்தில் முதலாளி அவளைத் தேடினார். அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். கேட்கிற காது அவர் பக்கம்தான் இருந்தது. அவர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவருடைய மீசைதான். கேலிச்சித்திரத்தில் அவருக்குத் தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். அந்த வார இதழில் பாதிக்குமேல் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதைக்கூட அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது, அதற்கு மறுநாள் காலையில் அலுவலகக் கேட்டுக்கு வெளியே நின்ற பெண்கள். முதலில் எட்டுப் பேர். அரைமணியில் நாற்பது ஆனார்கள். யாரும் கல்லெறியவில்லை, கோஷம் போடவில்லை. தாங்கள் எழுதிய கடிதங்களைத் திருப்பிக் கேட்டார்கள்.

வக்கீல் போனில் அலறினார். “கேட்டைப் பூட்டுங்க. லெட்டர் ஒண்ணைக்கூடக் குடுக்காதீங்க. நாளைக்கு அதை வெச்சே ஆளுக்கொரு கேஸ் போடுவாங்க.”

“போடட்டும். எனக்கென்ன புதுசா?”

பின்னறை மேஜையைத் தூக்கிவந்து கேட்டருகே போடச் சொன்னார். மனைவி தானாகவே வந்து, வருடம் கேட்டுக் கட்டுகளை எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தாள். பக்கம் கட்டுகிறவரும் வந்து பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு கடிதத்தையும் உரியவர் கையில் முதலாளியே கொடுத்தார். சிலர் வாங்கி அங்கேயே கிழித்தார்கள். ஒருத்தி அவர் முகத்தில் விட்டெறிந்துவிட்டு, பிறகு குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

துணிக்கடைக்காரர் மனைவியும் வந்தாள். மூன்று கடிதங்களையும் எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

“அந்த நாலு வரியை வெட்டினது யாரு?”

பக்கம் கட்டுகிறவர் பயந்துகொண்டே கையைத் தூக்கினார்.

“ரொம்ப நன்றிங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை.

வரிசை மதியம்வரை குறையவில்லை. அறுபதை நெருங்கிய ஒரு தையற்காரப் பெண் முன்னால் வந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது, வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய கடிதம். எட்டுப் பக்கம். மனைவி தேடி எடுத்துக் கொடுக்க, தையற்காரி அதைப் பிரித்துத் தன் கையெழுத்துதானா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“நீதான் படிச்சியா?”

“நான்தாம்மா.”

“எட்டுப் பக்கமும்?”

“எட்டும்.”

“அதையெல்லாம் படிச்சிட்டுத்தானா பொறுத்துக்கோன்னு போட்ட?”

மறுபடி போனில் வந்திருந்த வக்கீல் கத்திக்கொண்டிருந்தார், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று. முதலாளி போனை அணைத்து மேஜைமேல் வைத்தார். எழுந்து நின்றார். வரிசையில் கடைசியாக நிற்பவளுக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

“ஆமாம்மா. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் போட்டேன்.”

தையற்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு, அடுத்தவளுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.